பத்துக்கு எட்டு பேனரில் முப்பத்தைந்து முகங்கள்

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது. தூறல் இல்லை. தெற்கிலிருந்து லேசான காற்று. காற்றைக் குறித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. பத்தடி அகலம், எட்டடி உயரம் உள்ள பேனர் காற்றில் பிய்த்துக்கொண்டு போய் யார் தலையிலாவது விழும் என்று எனக்கு முந்தின நாளிலிருந்தே கவலை. ஆறு இடத்தில் கட்டினால் போதும் என்றார் கட்ட வந்தவர். நான் பதினான்கு இடத்தில் கட்டவைத்தேன்.

பாகூரில் என் பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கும் பள்ளியின் வாசலுக்கு நேர் எதிரே அந்தப் பேனர் ஏறியது. மறுநாள் சனிக்கிழமை நடக்க இருந்த பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்பு அது. கூட்டம் எதற்கு என்றால், இணையத்தில் பிள்ளைகளைப் பாதுகாப்பது எப்படி என்று பேச. பேனரை அடிக்கச் சொன்னவன் நான். எட்டு மணி நாற்பது நிமிடம் வரை, அதாவது சரியாக அரை மணி நேரம், ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். போன வருடம் பேத்தியின் பிறந்த நாளுக்கு என் மகன் அவள் படத்தைத் தன் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைத்தான். ரோஸ் கவுன், கையில் கேக் கத்தி. யாரோ அந்தப் படத்தை எடுத்து, அவள் பேரிலேயே ஒரு போலிக் கணக்கு தொடங்கி, வகுப்புப் பிள்ளைகளிடம் "உன் போன் நம்பர் அனுப்பு, உன் போட்டோ அனுப்பு" என்று கேட்டிருக்கிறார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. கணக்கை மூடிவிட்டார்கள். ஆனால் "நீதானடி கேட்ட?" என்று பள்ளியில் மூன்று வாரம் கேலி. ஒன்பது நாள் அவள் பள்ளிக்கே போகவில்லை. அதற்குப் பிறகு யார் போனைத் தூக்கினாலும் அவள் நோட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வாள். இந்த வருட வகுப்புப் படத்தில் இரண்டாம் வரிசையில் நான்காவதாக நிற்பது ஒரு கணக்கு நோட்டு.

அதனால் தலைமை ஆசிரியை ஜூன் மாதக் கடைசியில் முதல் கூட்டம் போட்டபோது, மருமகள் என்னிடம், "மாமா, எனக்கு கம்பெனியில ஷிப்ட்டு. நீங்க போயிட்டு வாங்க. அவ விஷயம், கேட்டுட்டு வாங்க" என்றாள். போனேன். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஆறு பேர், அதில் ஒருவர் வழி தவறி வந்த கேஸ் சிலிண்டர்காரர். தலைமை ஆசிரியை ஒரு ஒப்புதல் படிவம் கொடுத்தார். பிள்ளையின் போனில் என்ன இருக்கிறது என்று வாரம் ஒரு முறை பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பேன், பிள்ளையைக் கேட்காமல் படம் போட மாட்டேன் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். பன்னிரண்டு நாளில் திரும்பி வந்த படிவம் ஐந்து.

"அடுத்த கூட்டத்துக்கு எல்லாரையும் வரவைக்கணும் ஐயா. யாராவது பொறுப்பு எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்றார் அவர். சட்டைப் பையில் பேனா இருந்தது எனக்கு மட்டும்தான். நான் ஒருங்கிணைப்பாளர் ஆனேன்.

நான் முப்பத்தோரு வருடம் கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பதிவில் எழுத்தராக இருந்தவன். பழைய ஆட்கள் அந்த மேசையை இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேரில் எத்தா சிவில் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களை எனக்குத் தெரியும். காதுகுத்து, புதுமனை, பிறந்த நாள், பிரமுகர் வருகை எல்லாவற்றுக்கும் இங்கே பேனர். பேனரின் அடியில் "வரவேற்பவர்கள்" என்று வரிசையாக முகங்கள். தன் முகமோ தன் பிள்ளை முகமோ இருக்கும் பேனரைப் பார்க்க மூன்று மைல் நடந்து வருவார்கள். முகம் இல்லாத நோட்டீசை மடித்துக் காது குடைவார்கள். ஆகவே முப்பத்து நான்கு பிள்ளைகளையும் வரவேற்பவர்களாகப் போட்டுவிட்டால் முப்பத்து நான்கு குடும்பமும் வரும். தலைமை ஆசிரியை நான்கு நாள் பயிற்சிக்குப் புதுச்சேரி போயிருந்தார். போனில் கேட்டபோது, "பேனர்தானே, போடுங்க ஐயா, உறுதிமொழிய மட்டும் பெருசா போடுங்க" என்றார். உறுதிமொழியை அவரே எழுதியிருந்தார்.

வகுப்புப் பெற்றோர் குழுவில் நான் செய்தி போட்டது காலை பதினொரு மணிக்கு. மாலை நான்குக்குள் முப்பத்து மூன்று படங்கள் வந்துவிட்டன. படிவம் பன்னிரண்டு நாளில் ஐந்து. படம் ஐந்து மணி நேரத்தில் முப்பத்து மூன்று. ஒரு பையன் கூலிங்கிளாஸோடு, ஒரு பெண் கிருஷ்ணர் வேஷத்தில். ஒரு தகப்பனார் நேரிலேயே வந்துவிட்டார்.

"சார், எம் பையன முதல் வரிசைல போடணும்."

"அகர வரிசைப்படிதான்."

"அது இன்னா வரிசையோ, மேல போடு சார். அவங்க மாமா துபாய்ல இருந்து பாப்பாரு. அப்படியே ஓரமா மாமாவையும் ஒண்ணு போட்டுடு."

மாமாவைப் போட முடியாது என்று புரியவைக்க இருபது நிமிடம் ஆயிற்று.

படம் வராத ஒரே பிள்ளை என் பேத்தி. "என்னைப் போடாத தாத்தா" என்றாள். "சரி" என்றேன். ஆனால் முப்பத்து நான்கில் ஒன்று குறைந்தால் வரிசை இடிக்கிறது. ஒருங்கிணைப்பாளர் வீட்டுப் பிள்ளையே இல்லையா என்று ஊரும் கேட்கும். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு எடுத்த அவளுடைய பாஸ்போர்ட் அளவுப் படங்கள் என் அலமாரி உறையில் ஆறு இருந்தன. ஐந்தாயின. அவள் கண்ணில் படாமல் எடுத்துப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பேனர் கடைக்காரர் படங்களை ஒன்பது, ஒன்பது, எட்டு, எட்டு என்று நான்கு வரிசையாக அடுக்கினார். அப்போது ஒரு சிக்கல் வந்தது. வகுப்பில் இரண்டு பையன்களுக்கு ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து. முப்பத்தோரு வருடம் நான் பயந்தது இதற்குத்தான். ஆள் மாறாட்டம். ஒருவன் சான்றிதழ் இன்னொருவன் கைக்குப் போனால் அவன் பேரன் வரை கோர்ட்டுக்கு அலைவான். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், வகுப்பு, பிரிவு, தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண் எல்லாம் போடச் சொன்னேன்.

"ஒருங்கிணைப்பாளர்னு உங்க போட்டோவும் நடுவுல போடலாமே சார்" என்றார் கடைக்காரர். மறுத்தேன். மறுபடி கேட்டார், மறுத்தேன். மூன்றாம் முறை மறுக்கவில்லை. அது முப்பத்தைந்தாவது முகம்.

அச்சுக்குப் போகும் முன் மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு தேதி தப்பில்லை, ஒரு எண் தப்பில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பேனர் ஏறியதும் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளையைக் கொண்டுவிட வந்த பெற்றோர் பிள்ளையை இறக்காமலே போனை எடுத்தார்கள். பதினான்கு பேர் படம் எடுத்ததை நானே எண்ணினேன், பெருமையோடு. அதில் இரண்டு பேர் வீடியோ. வகுப்புக் குழுவில் நானும் ஒன்று போட்டேன். குருவிநத்தத்திலிருந்து புல்லட்டில் வந்த ஒரு பிரமுகர், வார்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவர், பேனருக்கு முன்னால் கும்பிட்டபடி நின்று ஆறு படம் எடுக்கவைத்தார்.

எட்டு நாற்பதுக்குப் பேத்தி சைக்கிளில் வந்தாள். இறங்கினாள். மேலிருந்து படித்தாள். மேலே சிவப்பு எழுத்தில் உறுதிமொழி: "என் பெயர், என் படம், என் பிறந்த நாள், என் பள்ளி, என் வீட்டுக் கைபேசி எண் ஆகிய ஐந்தையும் முன்பின் தெரியாதவருக்குத் தெரியவிட மாட்டேன்."

அவள் கையை நீட்டிக் கட்டைவிரலை மடக்கினாள். "பேரு." அடுத்த விரல். "போட்டோ." அடுத்தது. "பர்த் டேட். ஸ்கூலு. நம்பரு." கை முழுசாக மூடிக்கொண்டது. "அஞ்சுக்கு அஞ்சு தாத்தா. எதையும் விடல நீ."

நான் மேலே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி வரை மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் படித்திருக்கவே இல்லை.

பிறகு அவள் தன் படத்தைப் பார்த்தாள். முதல் வரிசை, மூன்றாவது. புத்தகப் பையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "சரின்னு சொன்ன தாத்தா" என்று பைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இது யார் போன்லயும் இல்லன்னு ஆகற வரைக்கும் நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன்." சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

போன வருட ஒன்பது நாள் கண்முன் நின்றது. அப்போது யாரோ முகம் தெரியாத ஒருவன் செய்தான். இப்போது செய்தவன் முகம் பேனரின் நடுவில் இருக்கிறது.

எட்டு ஐம்பதுக்குத் தலைமை ஆசிரியை பயிற்சி முடிந்து அன்றுதான் பள்ளிக்கு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தாமலே படித்தார். முதலில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு போய்விட்டது.

"ஐயா, இறக்குங்க. உடனே. குழுவுல நான் மெசேஜ் போடறேன், எல்லாரும் அழிக்கச் சொல்லி. குழுவுல இல்லாதவங்கள நீங்கதான் நேர்ல பாக்கணும்."

பதினான்கு முடிச்சு. பதினான்கையும் அவிழ்க்க நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. ஆறே கட்டியிருக்கலாம். இறக்கி மடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "வேணாம்னா எனக்குக் குடு சார். மாட்டுக் கொட்டாய்க்குத் தார்ப்பாய் இல்ல." முப்பத்து நான்கு பிள்ளைகளையும் என்னையும் மாட்டுக் கொட்டகைமேல் நினைத்துப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். பேத்தி அறைக் கதவைச் சாத்தியிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மன்னிப்புக் கேட்டேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டு வரேன்" என்றேன்.

"உனக்கு அழிக்கத் தெரியுமா?"

"தெரியும். குழுவுல நான் போட்டத இப்பவே அழிச்சிட்டேன், பாரு." கதவுக்கு அடியில் போனைத் தள்ளினேன்.

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, 'எனக்கு மட்டும் நீக்கு'ன்னு குடுத்துகிற. இப்ப அது உன்ன தவிர எல்லார்கிட்டயும் இருக்குது."

நல்ல வேளையாகத் தலைமை ஆசிரியை குழுவின் நிர்வாகி. அவர் நீக்கினார். அதன் பிறகு பேத்தி கதவைத் திறக்காமலே ஒரு ஏற்பாடு சொன்னாள். நான் ஆள் ஆளாகப் போக வேண்டும். போனதும் வீட்டுப் போனுக்குக் கூப்பிட வேண்டும். எதை அழுத்துவது என்று அவள் சொல்வாள். தானாக எதையும் அழுத்தக் கூடாது.

நான் ஒரு பட்டியல் போட்டேன். படம் எடுத்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் குழுவில் இருக்கும் பெற்றோர். தலைமை ஆசிரியையின் செய்தியைப் பார்த்து அழித்துவிட்டார்கள், துபாய் மாமா வீட்டார் உட்பட. மீதி ஐந்து. டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் டீக்கடைக்காரர். அவர் பேனரை ஸ்டேட்டஸில் வைத்து, மேலே பூ மாலை வேறு ஒட்டியிருந்தார். சந்தோஷமாக அழிக்கத் தயார், ஆனால் எப்படி என்று தெரியாது. பேத்தியைக் கூப்பிட்டேன்.

"மூணு புள்ளி தெரியுதா தாத்தா?"

"தெரியல."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எங்க போன்ல புள்ளியே இல்லமா, நல்ல போனு" என்றார்.

"மேல, ஓரத்துல!"

ஒரு வழியாகக் கண்டுபிடித்து அழுத்தியதில் அவருடைய குலதெய்வம் போய்விட்டது. அதைத் திரும்ப வைத்துவிட்டு, பிறகு பேனரை அழித்தோம். அவர் டீ கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டார். கடையில் இருந்த மூன்று பேர் இன்னா விஷயம் என்று கேட்டார்கள். விளக்கம் கேட்டவர்களுக்கும் டீ சொல்ல வேண்டியதாயிற்று. இப்படியே அடுத்த மூன்று பேரும் முடிந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. "பொம்பளப் புள்ளைங்க நம்பர் இருக்குதே சார், எங்களுக்கே தோணலியே" என்றார் ஒரு ஆட்டோக்காரர். எனக்கே தோணவில்லை என்று சொன்னேன்.

இடையில் பேத்தியே இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். பேனர் கடைக்காரர் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் மாதிரிக்காகத் தன் கடைப் பக்கத்தில் போடுகிறவர். எங்கள் பேனர் அங்கே "புதிய டிசைன்" என்று இருந்தது. மதகடிப்பட்டிலிருந்து ஒருவர் "இதே மாதிரி எங்கள் ஸ்கூலுக்கும் வேண்டும், விலை என்ன" என்று கேட்டிருந்தார். கடைக்காரருக்குப் போன் போட்டேன். அந்தப் படத்தை உடனே நீக்கிவிட்டார். மதகடிப்பட்டுக்காரரின் எண்ணை வாங்கி அவரிடமும் பேசினேன். "வேணாம் சார், சொல்றதக் கேளுங்க" என்று பதினொரு நிமிடம் கெஞ்சினேன். போட்டிக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

கடைசி ஆள் குருவிநத்தத்துப் பிரமுகர். அவர் பேஸ்புக்கில் போட்டிருந்தார். ஸ்டேட்டஸ் என்றால் ஒரு நாளில் போய்விடும், இது போகாது என்று பேத்தி சொல்லியிருந்தாள். பகல் இரண்டு மணிக்குப் போனேன். கரும்பு வெட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"வா பெருசு. பேனரு சூப்பரு. இருநூத்திப் பன்னண்டு லைக்கு வந்துகீது."

"அத எடுத்துடணும்."

"இன்னாத்துக்கு?"

சொன்னேன். போன வருடக் கதையையும் சொன்னேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"எடுத்துடலாம்பா. ஆனா இருநூத்திப் பன்னண்டு பேரு இன்னா நெனப்பான்? இவன் இன்னாமோ தப்பு பண்ணிட்டான்னு நெனப்பான். அதுக்குப் பதிலா ஒண்ணு போடணும்ல?"

"போடுங்க."

"பேனரு வேணும். கூட்டம் நாளைக்குத்தான? புள்ளைங்க மூஞ்சி ஆகாதுன்னா என் மூஞ்சி போடு. நான் பெரிய ஆளு, எனக்கு இன்னா பயம்?"

யோசித்தேன். அவர் சம்மதம் கொடுத்த வயது வந்த ஆள். உறுதிமொழிப்படி தடை ஏதும் இல்லை. கதவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையை நினைத்து ஒத்துக்கொண்டேன்.

"பேரு போடு. செல் நம்பர் போடு. பொறந்த தேதியும் போடு, அடுத்த மாசம் வருது, வாழ்த்துவாங்க. நாப்பத்தெட்டு முடியுது."

அவருடைய பிறப்பு என் மேசையில் இருந்த பதிவேட்டில் நான் நூறு முறை புரட்டிய பக்கத்தில் இருந்தது. ஐம்பத்து நான்கு முடிகிறது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்தவர் பிறந்த தேதியை அவரைக் கேட்காமல் வெளியே சொல்லாமல் நான் இருந்தது, நினைவு தெரிந்து, அதுதான் முதல் தடவை.

பேத்தியைக் கூப்பிட்டேன். அவள் சொல்லச் சொல்ல அவரே அழுத்தினார். "போயிடுச்சா பாப்பா?" என்று கேட்டார். "இருங்க, பாக்கறேன்" என்றாள். நான்கு நிமிடம் நாங்கள் இருவரும் டிராக்டர் நிழலில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். "போயிடுச்சி" என்று குரல் வந்ததும் அவர் எனக்குக் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. கதவு திறந்திருந்தது. பேத்தி நடு வீட்டில் பேனரை விரித்துப்போட்டுக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தை, பெயரை, எண்ணைத் தனித்தனியாக வெட்டினோம். ஷிப்ட்டு முடிந்து வந்த மருமகள் என் கதை முழுவதையும் நின்றபடியே கேட்டாள்.

"மாமா, உங்க போன குடுங்க."

கொடுத்தேன். என்னமோ அமைத்தாள். பிள்ளைகள் போனுக்குப் பெற்றோர் போடும் பூட்டாம். இனி நான் எந்தப் புது ஆப் போட வேண்டும் என்றாலும் ரகசிய எண் வேண்டும். அந்த எண்ணை அவள் பேத்தியின் காதில் சொன்னாள்.

"பிள்ளையைக் கேக்காம போட்டோ போடமாட்டேன்னு ஒரு ஃபார்ம் இருக்கே, அதுல கையெழுத்து போட்டீங்களா மாமா?"

முதல் கூட்டத்தில் வாங்கிய படிவம் என் அலமாரியில், உறையில் மீதி இருந்த ஐந்து படங்களுக்குக் கீழே இருந்தது. ஊரில் இருபத்தொன்பது பேர் தரவில்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேனே, அதில் ஒருவன் நான்.

மறுநாள் கூட்டத்துக்கு அறுபத்தொரு பேர் வந்தார்கள். புதுப் பேனரில் பத்தடிக்கு எட்டடியும் ஒரே முகம், தங்கச் சட்டத்துக்குள். பாதிப் பேர் பேனருக்காக வரவில்லை, முந்தின நாள் என்ன நடந்தது என்று கேட்க வந்தார்கள். தலைமை ஆசிரியை என்னையே முதலில் பேசச் சொன்னார். என்னென்ன செய்தேன் என்று நேரப்படி சொன்னேன். சிரித்தார்கள். பிறகு துபாய் மாமா வீட்டுத் தகப்பனார் எழுந்து, "நாங்களுந்தான சார் குடுத்தோம்" என்றார். அன்று வந்த படிவம் இருபத்தாறு.

"எல்லாம் அழிஞ்சிருக்குமா அம்மா?" என்று தலைமை ஆசிரியையைத் தனியாகக் கேட்டேன்.

"நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் அழிஞ்சிது ஐயா. தெரியாதது நமக்குத் தெரியாது. ஏதாவது வந்தா பிள்ளை முதல்ல நம்மகிட்ட வந்து சொல்ற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்."

அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. ஒரு எண்ணாகச் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை பேத்தி பள்ளிக்குப் போனாள். போகும் முன், சரி என்று சொல்லிவிட்டு ஏமாற்றியதற்கு நஷ்ட ஈடு என்ன தருகிறாய் என்று கேட்டாள். சிக்கன் ரைஸ் என்று முடிவாயிற்று.

முதல் பேனர் எண்ணூற்று எண்பது ரூபாய். கழியும் கட்டுக் கூலியும் முந்நூற்றைம்பது. இரண்டாம் பேனர் தங்கச் சட்டத்தோடு ஆயிரம். கழி நின்றிருந்ததால் கூலி இருநூறு. டீயும் வடையும் நூற்று நாற்பத்து நான்கு, பெட்ரோல் நூற்றைம்பது, சிக்கன் ரைஸ் நூற்றிருபது. பள்ளி நிதியிலிருந்து தருகிறேன் என்றார் தலைமை ஆசிரியை. வேண்டாம் என்றேன். ஆக மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்து நான்கு ரூபாய்.